பங்களாவுக்கு விருந்தாளி வருகிறார், லயத்துக்கு என்ன வருகிறது?

(வெலிமடையில் நடைபெற்ற தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தைப் பற்றியும் சந்தாவைப் பற்றியும் செயலாளர் பேசிவிட்டார். நான் பேசப்போவது ஓர் அக்கா என்னிடம் கேட்ட கேள்வியைப் பற்றி. போன மாதம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். கொழுந்து நிறுத்து முடிந்த நேரம். அவர் சொன்னார்: "அண்ணே, எங்க பெரிய பங்களாவுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க. துரை கீழ்ப் பங்களாவுக்கு மாறிட்டாரு. மேல வெளிநாட்டுக்காரங்க வந்து காசு குடுத்துத் தங்கப் போறாங்களாம். இது நமக்கு நல்லதா, கெட்டதா?"

அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. "பார்த்துச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். அந்த அக்காவும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில், இது புதிய சங்கதி இல்லை. கந்தப்பளையில் ஆறாயிரம் அடிக்கு மேலே ஹெதர்செட் தோட்டத்தின் தேயிலை ஸ்டோர் ஒன்று இருந்தது. 1970களில் அது மூடப்பட்டது. பிறகு இருபது வருசத்துக்கும் மேலாகப் பாழடைந்து கிடந்தது. 1996இல் அதே ஸ்டோர் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கட்டடத்தை இடிக்கவில்லை. கொழுந்து வாட்டிய மேல்மாடித் தட்டுகளைத் தடுத்துப் படுக்கையறைகள் ஆக்கினார்கள். காற்றடித்த பெரிய காற்றாடியும், மெஷின்களை ஓட்டிய பழைய எஞ்சினும் இன்னும் அங்கே இருக்கின்றன. விருந்தாளிகள் பார்த்து ரசிக்கிறார்கள். அந்தத் தட்டுகளில் கொழுந்து பரப்பிய கைகள் யாருடையவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2005இல் பொகவந்தலாவை, நோர்வூட், காசல்ரீ பக்கத்தில் பழைய துரைமார் பங்களாக்களைப் பழுதுபார்த்து வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். அவற்றில் டின்சின் பங்களா 1888இல் கட்டியது. அங்கே ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கான டாலர் வாங்குகிறார்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நம்முடைய நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. டாலரில் கணக்குப் போட்டால் ஐந்துகூட வராது. ஒரு வருசம் நாள் தவறாமல் வேலைக்குப் போகிறவர் அங்கே எத்தனை இரவு தூங்கலாம் என்று வீட்டில் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். நல்ல கணக்குப் பயிற்சி.

நம்முடைய ஊவாவுக்கு வருவோம். நுவரெலியாவிலிருந்து ஹக்கலை, கெப்பெட்டிப்பொல வழியாக இறங்கும் வேன்கள் இந்த வெலிமடை டவுனைத் தாண்டித்தான் பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் போகின்றன. எல்லவில் இறங்குகிறவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள்? 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தை. தெமோதரையில் ரயில் பாதை வட்டமடித்துத் தன் அடியிலேயே நுழைவதை. ஹப்புத்தளைக்குப் போகிறவர்கள் தம்பேதன்னையில் லிப்டன் கட்டிய ஸ்டோரையும், 1931இல் ஒரு வெள்ளைக்காரத் துரை தனக்காகக் கட்டிய அடிசம் பங்களாவையும் பார்க்கிறார்கள். அடிசம் இப்போது துறவிகள் இருக்கும் மடம். பாலம், ரயில், ஸ்டோர், பங்களா, எல்லாம் தேயிலைக்காக வந்தவை. ரயில் பாதை பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924இல். அது யாத்திரைக்காரருக்காகப் போட்ட பாதை இல்லை. தேயிலைப் பெட்டியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை.

அதனால் பங்களா வாடகைக்குப் போகக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. தேயிலை விலை விழும்போது தோட்டத்துக்கு இன்னொரு வருமானம் வருவது நல்லதே. பூட்டிய ஸ்டோரில் வௌவால் அடைவதைவிட அங்கே நம் பிள்ளைகள் நாலு பேர் வேலை செய்வது மேல். நான் கேட்பது வேறு. காசாகிற இந்தப் பழமையில் நம் பங்கு எங்கே?

இதற்குத் தூரத்தில் ஓர் ஊரைப் பார்க்க வேண்டும். ஸ்கொட்லாந்து நமக்குத் தெரியாத தேசமில்லை. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும், லிப்டன் துரையின் குடும்பக் கடையும் அந்த நாட்டிலிருந்துதான் வந்தவை. அங்கே கிளைட் ஆற்றங்கரையில் நியூ லனார்க் என்று ஓர் ஊர். 1780களில் கட்டிய பஞ்சாலை ஊர். நம் தோட்டம் மாதிரியேதான்: ஆலை, முதலாளி வீடு, தொழிலாளர் வரிசை வீடு, கடை, எல்லாம் ஒரே சொந்தக்காரருக்கு. ஒரு காலத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் வரை அங்கே வாழ்ந்தார்கள். 1800இலிருந்து ரொபர்ட் ஓவன் என்பவர் அதை நடத்தினார். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலைக்குள் எடுக்கக்கூடாது என்றார். 1816இல் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். நல்ல சாமானை நியாய விலைக்கு விற்கும் கடை வைத்தார். பிற்பாடு 1834இல் இங்கிலாந்தில் எல்லாத் தொழிலையும் சேர்த்து ஒரு பெரிய தொழிற்சங்கம் கட்டிய முயற்சியிலும் அவர் முன்னால் நின்றார். அவரும் முதலாளிதான், மறக்கவேண்டாம். ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நாலு நிறம் பூசிய ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். நேற்று ஒழுங்காக வேலை செய்தவருக்கு வெள்ளைப் பக்கம், மோசமாகச் செய்தவருக்குக் கறுப்புப் பக்கம். நம் கங்காணிமார் வாயால் செய்ததை அவர் கட்டையால் செய்தார்.

அந்த ஆலை 1968இல் மூடியது. ஊர் இடிந்துபோகும் நிலை. 1970களில் ஒரு பொதுநல அறக்கட்டளை அமைத்து, கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்தார்கள். ஓர் ஆலைக் கட்டடம் ஹோட்டலானது. ஆற்றோரம் இருந்த சிறிய கட்டடங்கள் விடுமுறைக்குத் தங்கும் வீடுகளாயின. 2001இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் அந்த ஊரைச் சேர்த்தது. வாடகைப் பணம் கட்டடங்களைக் காப்பாற்றும் வேலைக்கே திரும்பிப் போகிறது.

அங்கே இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, முதலாளியின் வீட்டை மட்டும் அவர்கள் காட்டவில்லை. தொழிலாளி குடும்பம் ஒரே அறையில் எப்படிப் படுத்தது, எங்கே சமைத்தது என்பதையும் அப்படியே வைத்துக் காட்டுகிறார்கள். அந்த நிறக்கட்டையையும் காட்டுகிறார்கள். இரண்டாவது, அந்த வரிசை வீடுகளில் இன்றைக்கும் குடும்பங்கள் குடியிருக்கின்றன. விருந்தாளிக்கு இடம் கொடுப்பதற்காக ஊர்க்காரரை வெளியே தள்ளவில்லை.

நம் நாட்டிலும் கம்பளைக்குக் கிட்டப் பாரதெக்கவில் 2007இல் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் மியூசியமாக்கியிருக்கிறார்கள். பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஆனால் வாடகைக்கு விடுகிற பங்களாக்களில் நான் கண்டது என்ன? சுவரில் 1890லிருந்து வந்த துரைமாரின் பெயர்ப் பட்டியல் தங்க எழுத்தில் இருக்கும். எந்த நாய் எந்த வருசம் செத்தது என்றுகூடத் தோட்டத்து மூலையில் கல் இருக்கும். கல் சுமந்தவர் பெயர் இல்லை. அப்பு பெயர்கூட இல்லை. என் மாமா முப்பது வருசம் ஒரு பங்களாவில் அப்புவாக இருந்தார். பின் வாசலால் போய் பின் வாசலால் வந்தவர். அவர் செய்த புடிங்கை இப்போது "பழைய காலத்துச் சமையல்" என்று மெனுவில் போடுகிறார்கள். மாமா இல்லை, புடிங் இருக்கிறது.

சரி, கேள்வி கேட்ட அக்காவுக்கு வருகிறேன். பங்களா திறக்கும்போது நாம் எதைப் பார்க்கவேண்டும்?

சம்பளத்திலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் அமைதியாக நடக்கும். தேயிலைத் தொழிலுக்கு ஒரு சம்பள நிர்ணய சபை இருக்கிறது. ஹோட்டல், உணவுத் தொழிலுக்கு வேறொரு சம்பள நிர்ணய சபை இருக்கிறது. வேலை நேரம், மேலதிக நேரம், லீவு எல்லாம் இரண்டிலும் ஒன்றல்ல. மலையிலிருந்து ஒரு தங்கையைக் கூப்பிட்டுப் பங்களாவில் அறை துடைக்கச் சொல்கிறார்கள். காலை ஆறு மணிக்குப் போகிறாள். விருந்தாளி இரவுச் சாப்பாடு முடிக்கும்வரை நிற்கிறாள். மாதக் கடைசியில் செக்ரோலில் அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பேர். அவள் கொழுந்து பறித்தாளா? இல்லை. அப்போது அவள் எந்தச் சபைக்குக் கீழே வருகிறாள்? இந்தக் கேள்வியை வாயால் கேட்காதீர்கள், கடிதத்தால் கேளுங்கள். துரையின் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தின் பிரதியோடு தொழில் திணைக்களத்துக்குப் போகலாம்.

அதோடு ஊழியர் சேமலாப நிதி. தோட்டத்தில் வேலைக்கு நின்றபோது உங்களிடம் நூற்றுக்கு எட்டு, கம்பனியிடம் நூற்றுக்குப் பன்னிரண்டு, நம்பிக்கை நிதிக்கு மூன்று. பங்களாவை வேறொரு கம்பனி நடத்த எடுத்தால், உங்களை அதற்கு மாற்றும்போது பழைய சேவைக்காலம் என்ன ஆகிறது? இருபது வருசம் வேலை செய்தவர் ஒரே கையெழுத்தில் புதுத் தொழிலாளி ஆகிவிடக்கூடாது. பணிக்கொடை அந்த வருசக் கணக்கில்தான் இருக்கிறது. எந்தத் தாளிலும் வாசிக்காமல் கைநாட்டு, கையெழுத்து எதுவும் வேண்டாம். பெரிய ஹோட்டல்களில் பில்லோடு நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம் சேர்த்து, அதை வேலையாட்களுக்குப் பகிர்வது வழக்கம். பங்களாவில் அது வாங்குகிறார்களா, வாங்கினால் யார் யாருக்குப் போகிறது, தோட்டம் கொத்துகிறவருக்கும் இரவுக் காவலருக்கும் வருகிறதா என்று கேட்பது நம் உரிமை.

அடுத்தது கொஞ்சம் சிரிப்பான விஷயம், ஆனால் சிரிக்க முடியாது. விருந்தாளிகளுக்குக் "கொழுந்து பறிக்கும் அனுபவம்" என்று ஒன்று வைக்கிறார்கள். ஒரு கூடையை மாட்டிவிட்டு, நம் பெண்களோடு நிரையில் நிற்க வைப்பார்கள். அரை மணி நேரம் படம் எடுப்பார்கள். நம் பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்பாள், "இப்படிக் கிள்ளணும்" என்று காட்டிக் கொடுப்பாள். அந்த அரை மணி நேரத்துக் கொழுந்து அவள் கூடையில் இல்லை. அன்றைக்கு நோர்ம் பதினெட்டுக் கிலோ என்றால், பதினாறோடு நிறுவைக்கு வருகிறாள், கணக்கப்பிள்ளை குறைத்துப் போடுகிறார். விருந்தாளி அந்த அனுபவத்துக்குக் காசு கொடுத்தார். சொல்லிக் கொடுத்த ஆசிரியைக்குக் கூலியில் வெட்டு! ஆகவே, விருந்தாளியோடு நிற்பதும் வேலை நேரம்தான், அன்றைக்கு நோர்ம் பார்க்காமல் முழுப்பேர் போட வேண்டும் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். படத்துக்கு நிற்க விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. லயத்து வாசலில் குளிக்கிற இடத்தில், துணி காயப்போடுகிற இடத்தில் கமராவோடு வருவதை யாராக இருந்தாலும் நிறுத்துங்கள். மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலான விருந்தாளிகள் கேட்டுக்கொள்வார்கள். அவர்களைக் கூட்டிவரும் ஆட்களுக்குத்தான் பல நேரம் புரிவதில்லை.

தண்ணீர். இதை நான் கண்ணால் பார்த்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. மேலே ஊற்று ஒன்று. அங்கேயிருந்து ஒரு குழாய் பங்களாவுக்கு, ஒரு குழாய் லயத்துக்கு. பங்களாவில் நீச்சல் குளம் கட்டினார்கள். ஜூலை, ஆகஸ்டு கச்சான் காற்றில் ஊவா காய்கிறது என்று நமக்குத் தெரியும். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவது அந்தக் காய்ச்சலில்தான், விருந்தாளி கூட்டம் ஏறுவதும் அதே மாதங்களில். அந்த வருசம் லயத்துக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம் நூல் மாதிரித் தண்ணீர் வந்தது. மேலே குளம் நீலமாக நிறைந்திருந்தது. பெண்கள் குடத்தோடு பங்களா வாசலுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் இரண்டாவது டாங்கி வந்தது. பங்களா திறப்பதற்கு முன்னமே டாங்கியைக் கேளுங்கள். திறந்த பிறகு கேட்டால் குடம் தூக்க வேண்டிவரும்.

பங்களாவுக்குப் புதுக் கூரை போடக் காசு இருக்கிறதென்றால், லயத்தின் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் பார்க்கவும் காசு இருக்க வேண்டும். கொஸ்லாந்தை மீரியபெத்தையை நாம் மறக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரித்திருந்தார்கள். துரைமார் பங்களாவுக்குத் திடமான மேட்டைத் தெரிந்தெடுத்தார்கள். லயத்துக்கு எஞ்சிய இடம் கிடைத்தது. இன்றைக்கு "அருமையான காட்சி" என்று விற்கப்படுகிறதும் அந்த மேடுதான்.

இப்போது தம்பிமார் கேட்பீர்கள்: "பங்களாவில் வேலைக்காரராகவே இருக்க வேண்டுமா? நாமே ஏன் இரண்டு அறை போட்டு விருந்தாளி வைக்கக்கூடாது? எல்லவில் கிராமத்துச் சனங்கள் செய்கிறார்களே?" சரியான கேள்வி. எல்லவில் ஒரு குடும்பம் வீட்டின் மேல் மாடியில் இரண்டு அறை கட்டுகிறது, பாங்கில் கடன் எடுக்கிறது, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிகிறது, வாசலில் போர்டு மாட்டுகிறது. அதற்கெல்லாம் முதல் தாள் காணி உறுதி. நம்மிடம் அந்தத் தாள் இல்லை. நூற்றைம்பது வருசம் குடியிருந்த லயக்காம்பிராவுக்கு நம் பெயரில் ஒரு வரி எழுத்து இல்லை. புதிய வீடு கிடைத்தவர்களில் பலருக்கும் ஏழு பேர்ச்சஸ் காணியின் உறுதி கைக்கு வரவில்லை. உறுதி கேட்டு நாம் போராடுவது தலைக்கு மேல் கூரைக்காக மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு டீக்கடை, ஒரு விருந்தாளி அறை, ஒரு தையல் மெஷின் போட்ட கடை, எல்லாம் அந்தத் தாளில்தான் தொங்குகிறது.

கம்பனிக்கும் அது சொந்தக் காணி இல்லை என்பதை ஞாபகம் வையுங்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது, பிறகு 53 வருசக் குத்தகை. காணி அரசின் காணி. பங்களாவும் பொதுச் சொத்து. குத்தகைக்காரர் அதை இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கலாம், அங்கே பிறந்து வளர்ந்தவர் ஓர் அறை போட முடியாது என்றால், இந்த நியாயத்தை நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்களும் கேட்க வேண்டும்.

பங்கு என்று சொன்னேன். அதிலும் ஏமாறக்கூடாது. தோட்டங்களைத் தனியாருக்குக் கொடுத்தபோது கம்பனிப் பங்குகளில் நூற்றுக்குப் பத்து தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் உங்களில் எத்தனை பேரின் தகரப் பெட்டியில் இருக்கிறது? எத்தனை பேர் வந்த விலைக்கு விற்றுவிட்டீர்கள்? இந்தியாவில் மூணாறில் 2005இல் பெரிய கம்பனி தோட்டங்களை ஒரு புதுக் கம்பனிக்குக் கைமாற்றியது. அதன் பெரும்பகுதிப் பங்குகள் ஊழியர், தொழிலாளர் பெயரில். தேயிலை மியூசியமும் அங்கே உண்டு, கூட்டம் அலைமோதும். ஆனால் 2015 செப்டெம்பரில் போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, "பங்குதாரர்களான" அதே தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்மாரையே கிட்ட வர வேண்டாம் என்றார்கள். இது நமக்கும் சேர்த்துச் சொன்னது, அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன். காகிதத்தில் பங்கு இருந்தும் தீர்மானிக்கும் மேசையில் இடமில்லாவிட்டால் நடப்பது அதுதான்.

பக்கத்திலேயே வேறு மாதிரியும் இருக்கிறது. அம்பதண்டேகமவில் அம்பா என்ற சிறிய தோட்டம். கையால் தேயிலை செய்கிறார்கள், விருந்தாளிகளுக்குத் தங்க வீடுகள் இருக்கின்றன, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வேலை செய்கிறவர்களுக்குப் பகிர்கிறார்கள். லாபத்தில் இல்லை, வருமானத்தில். லாபம் என்றால் கணக்கப்பிள்ளை பேனாவால் மறைத்துவிடலாம், வருமானத்தை மறைப்பது கஷ்டம். சின்னத் தோட்டத்தில் முடிந்தது பெரிய கம்பனியில் அப்படியே முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "உலகத்தில் எங்கும் இல்லாததைக் கேட்கிறீர்கள்" என்று துரை சொன்னால், வெலிமடையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

மேசையில் இடம் கேட்பதும் ஊவாவுக்குப் புதிதில்லை. 1940இல் பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தங்களுக்கென்று ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையோடு ஆலோசித்து நடப்பதாகத் துரை இணங்க வேண்டிவந்தது. வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்தில் அது நடந்தது. 2021இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிய பிறகு, பங்களா விஷயத்தைப் பேச நமக்கு ஆயத்தமான மேசை இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் நாமே போட வேண்டும்.

அக்கா, உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. பங்களாவுக்குப் பெயின்ட் இன்னும் காயவில்லை என்று வாசலில் சொன்னீர்கள். அப்படியானால் நேரம் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கமிட்டியும் நாலு விஷயம் எழுதிக் கொண்டு வாருங்கள்: உங்கள் தோட்டத்தில் எந்தக் கட்டடம் வாடகைக்குப் போகிறது அல்லது போகப் போகிறது, நடத்துவது யார், நம்மவர் எத்தனை பேர் எந்தப் பேருக்கு அங்கே வேலை செய்கிறார்கள், தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து போகிறது. பங்களாவில் வேலை செய்த பழைய அப்புமார், ஆயாமார், தோட்டக்காரர் உயிரோடு இருந்தால் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். கொப்பி இல்லாதவர்களுக்கு ஒவ்வொன்று மேசையில் வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.